ஊஞ்சவலசில் விழாமல் நின்ற பூ

எங்கள் ஊஞ்சவலசில் ஆத்தாவைக் கேட்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. மரவள்ளி நடுவதா மஞ்சள் போடுவதா, பெண்ணைக் கிழக்கே கொடுப்பதா மேற்கே கொடுப்பதா, தண்ணீருக்குப் போர் போட்டால் வேலியோரம் போடுவதா வீட்டுக்குப் பின்னால் போடுவதா, ஆட்டுகிற பல்லைப் பிடுங்குவதா வைத்துக்கொள்வதா என்பது வரைக்கும் வாக்காத்தா கோயிலில் பூக்கேட்டுவிட்டுத்தான் கையை வைப்போம். முறை எளிது. பூசாரி குப்பண்ணப் பண்டாரம் செவ்வரளிப் பூ ஒன்றைத் தண்ணீரில் நனைத்து ஆத்தாவின் உச்சந்தலையில் வைப்பார், வந்தவர் தன் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிக் கும்பிட்டு நிற்பார், பூ ஆத்தாவின் வலது கைப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடது கைப்பக்கம் விழுந்தால் கூடாது. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யோசித்து யோசித்தே கெட்டுப்போன குடும்பங்கள் அவர்கள் ஊரில்தான் அதிகம்.

கோகிலவாணி பூக்கேட்க வந்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அவள் புருஷன் அர்த்தநாரி, எங்கள் ஊர் நாச்சிமுத்துவின் ரிக் வண்டியில் டிரில்லர். ரிக் வண்டி என்றால் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற லாரி. எங்கள் பக்கத்து வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் கிடையாது, எங்கள் பையன்கள் குடிக்காத ஊர்த் தண்ணீரும் கிடையாது. அர்த்தநாரியின் வண்டி ராய்ப்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு ஒரு தடவையும் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு ஒரு தடவையும் வருவான், மகள் தாரணி அவனைப் பார்த்து முதல் நாள் முழுக்க அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், அவள் முந்தானையை விட்டு வெளியே வருகிற நாளில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்த வருஷம் அவனுக்கே பொறுக்கவில்லை. ராய்ப்பூரில் வீடு பார்த்துவிட்டேன், இரண்டு ரூம், ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம், புள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று போன் பண்ணினான். கோகிலவாணி பள்ளிக்கூடத்தில் தாரணியின் டீசியை வாங்கினாள், பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள், ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், இருந்த ஒரே எருமையை விற்றாள், எல்லாம் முடித்துவிட்டு, ஊர் வழக்கத்தை விடக் கூடாதே என்று, தலைக்குக் குளித்துப் பூக்கேட்க வந்தாள்.

அதுதான் அவள் செய்த தப்பு என்று பிற்பாடு நாங்கள் முடிவுகட்டினோம். மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வந்து கேட்பது கேள்வியா? அது தகவல் சொல்வது. ஆத்தா என்ன தபாலாபீசா?

"ஆத்தா, நாங்க குடும்பத்தோட அவருகிட்டப் போலாமுங்களா, சொல்லுங்க தாயி" என்று கேட்டாள். கூட நின்ற தாரணியும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டாள். பூ சற்று நேரம் உச்சந்தலையிலேயே இருந்தது. பிறகு நகர்ந்தது. நெற்றி வழியாக இறங்கி, மூக்குத்தியைத் தொட்டு, முகவாயைத் தாண்டி, நெஞ்சுக்கு நேரே வந்ததும் அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, எதன் மேலும் ஒட்டவில்லை, எதிலிருந்தும் தொங்கவில்லை. குப்பண்ணப் பண்டாரம் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தட்டில் இருந்த தேங்காயை உடைத்து ஒரு மூடியைக் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டு, "இன்னும் வுழுகுல அம்மிணி. ஊட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலமா வா" என்றார்.

சாயங்காலமும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. வாடவும் இல்லை. ஆடி போய் ஆவணி வந்தபோதும் அப்போதுதான் பறித்த பூவாகவே நின்றது. பண்டாரம் அதற்குக் கீழே குனிந்து கூட்டினார், அதற்குப் பக்கவாட்டில் கையை விட்டு ஆத்தாவுக்குச் சேலை கட்டினார். சங்ககிரியிலிருந்து ஒரு சயின்ஸ் வாத்தியார் வந்து பூவுக்கு மேலே ஒரு நூலை இழுத்துப் பார்த்தார், கீழே இழுத்துப் பார்த்தார், அப்புறம் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போனார். வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கின. கோயில் வாசலில் சோளக்கதிர் சுட்டு விற்றோம், கம்பங்கூழ் விற்றோம், வண்டி நிறுத்த இடம் ஒதுக்கினோம். உள்ளபடியே சொன்னால் ஆரம்பத்தில் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷம் எதுவரைக்கும் என்றால், நாச்சிமுத்து தன் மகள் கல்யாணத்துக்குப் பூக்கேட்க வந்த வரைக்கும். அவர் தட்டை நீட்டினார், பண்டாரம் வாங்கவில்லை.

"ஏனுங் பண்டாரம், கையி வலிக்குதா?"

"இல்லீங்க. ஒரு கேள்வி நின்னுட்டிருக்கறப்ப இன்னொரு பூவ எப்பிடிங்க வெக்கறது? அந்தப் பூ வுழுந்தாத்தான் அடுத்த பூ."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஊரின் அத்தனை கேள்விகளும் ஒரு பொம்பளையின் கேள்விக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன. நிச்சயம் பண்ண வேண்டிய பெண்கள் நின்றார்கள், விதைக்க வேண்டிய காடு நின்றது, போட வேண்டிய போர் நின்றது, கடைக்காலுக்குப் பறித்த குழியில் மழைத் தண்ணீர் நின்று தவளை கத்தியது, சொத்தைப் பல்லோடு கன்னம் வீங்கி நாலைந்து பேர் திரிந்தார்கள். கேட்காமல் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். மீன் நீந்தாமல் இருந்தால் என்ன என்றும் கேட்பீர்கள் போல. பூவைத் தட்டிவிடலாமே என்றால், உத்தரவைத் தட்டியவன் குடும்பம் விளங்காது என்று எங்கள் அப்பன் பாட்டன் சொல்லியிருக்கிறார்கள், அதைப் பரிசோதித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. நாச்சிமுத்து மட்டும் துணிந்து, கல்யாண மண்டபத்துப் பெரிய மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து ஆத்தாவின் இடது பக்கம் வைத்துச் சுழலவிட்டார். ஆத்தாவின் சேலை பறந்தது, பண்டாரத்தின் துண்டு பறந்தது, திருநீற்றுத் தட்டு காலியானது, பூ அசையவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டோம். கேள்விக்குப் பதில் வராத வரைக்கும் கோகிலவாணி போகக் கூடாது. அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இருக்கவும் கூடாதே என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோதுதான் விஷயத்தின் ஆழம் புரிந்தது. அவள் பாட்டுக்கு வீட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பேர் இருப்பது. ஆத்தா இன்னும் சொல்லாத பதிலை அவள் தானாக எடுத்துக்கொண்ட மாதிரி. போகவும் கூடாது, இருக்கவும் கூடாது. வெகுநேரம் பேசி நியாயமான ஒரு வழியைக் கண்டுபிடித்தோம். எங்கள் பஸ் ஸ்டாப் நிழற்குடை, ரோட்டை அகலப்படுத்தியபோது ஊர் எல்லைக் கல்லை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. அதில் பாதி ஊருக்குள், பாதி ஊருக்கு வெளியே. தாயையும் மகளையும் அங்கே குடிவைத்தோம். சாக்கு மூட்டைகளையும் நாங்களே சுமந்துபோய் வைத்துக் கொடுத்தோம். அவிழ்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னோம், அவிழ்த்தால் இருப்பதாக ஆகிவிடும் அல்லவா. படுக்கும்போது தலை கல்லுக்கு அந்தப் பக்கமும் கால் இந்தப் பக்கமும் இருக்கும்படி படுக்கச் சொன்னோம்.

அவளைப் பட்டினி போட்டோம் என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் புழுதான் விழும். வீட்டு முறை வைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். நோம்பிக்குக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தோம், கறி எடுத்தால் கறி கொடுத்தோம். மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். பூ பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் நிழற்குடைக்கும் வந்து தாயையும் மகளையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சிலர் கைக்குழந்தையைக் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கினார்கள், சிலர் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். கோகிலவாணி யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அர்த்தநாரி தினமும் கூப்பிடுவான். அவன் பேசுவது பாதி எங்களுக்கும் கேட்கும், ஏனென்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் அங்கேதானே உட்கார வேண்டும்.

"வாணி, செவுத்துல ஆணி அடிச்சுட்டேன். காலண்டர் மாட்டறக்கு."

"எந்த ரூம்லீங்க?"

"மொத ரூம்ல. நீ வந்து மாட்டிக்க. புள்ளைக்கு நீலக் கலர்ல சைக்கிள் வாங்கி வெச்சுட்டேன்."

தாரணி போனைப் பிடுங்கிக்கொள்வாள். "அப்பா, நம்மூட்டு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்பாள். அவன் சொல்வான். மறுநாளும் அதையே கேட்பாள். கொய்யா மரத்தில் கிளி வருமா, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று கேட்டுக் கேட்டு, பார்க்காத வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்துக்கு அவளால் போக முடியவில்லை. பள்ளிக்கூடம் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது, அதோடு பெரிய டீச்சரும் டீசி கொடுத்த புள்ளையின் பேரை மறுபடி எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அவள் படித்ததெல்லாம் பஸ் போர்டுகள்தான். எந்த பஸ் எங்கே போகும், எந்தெந்த ஊரில் நிற்கும் என்று அவளைக் கேட்டுத்தான் நாங்களே ஏறினோம். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியபோது யாரோ ஒருத்தி தன் மகளுடைய பழைய பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல.

ஒருநாள் காலையில், முறைச்சோறு வருவதற்கு முன்பே, கோகிலவாணி மகளை இழுத்துக்கொண்டு திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூட்டைகளைக்கூட எடுக்கவில்லை. டிரைவர் எங்கள் ஊர் மாப்பிள்ளை. கண்ணாடியில் அவளைப் பார்த்தார், என்ஜினை அணைத்தார், இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பஸ்ஸுக்குள் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கோர்ட்டுக்குப் போக வேண்டியவன், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. யாரோ ஒரு கைக்குழந்தை அழுதது. கடைசியில் தாரணிதான் எழுந்து, "வாம்மா, எல்லாருக்கும் நேரமாவுது" என்று அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் கிளம்பியது.

அவளுடைய அண்ணன் ஒருமுறை காரோடு வந்தான். கோயிலுக்குள் போய்ப் பூவைப் பார்த்தான். வெளியே வந்தவன் தங்கச்சிக்கு ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான். அர்த்தநாரியே வந்து கூட்டிப்போயிருக்கலாமே என்றால், அவனும் எங்கள் ஊர் ரத்தம்தானே. "வாக்கு வராம நா வந்து நின்னா ஆத்தாளுக்கு மொகம் காட்ட முடியாது வாணி" என்றான். ராய்ப்பூரிலும் அவன் பாடு நன்றாக இல்லை. ரிக் வண்டியில் இருந்த பையன்கள் எல்லாரும் எங்கள் ஊர். ஊரில் தங்கள் தங்கள் வீட்டுக் காரியம் எல்லாம் அவன் குடும்பத்தால் நின்று கிடக்கிறது என்று அவனோடு ஒரு சட்டியில் கை நனைப்பதை விட்டுவிட்டார்கள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு ரிக்கோடு கூடப் போகிற கம்ப்ரஸர் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டானாம்.

இப்படியே எத்தனை மழை போயிற்றோ. நாச்சிமுத்துவின் சம்பந்தி வீட்டார், இன்னும் ஒரு தை பார்ப்போம், அதற்கப்புறம் வேறு இடம் பார்ப்போம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நாச்சிமுத்து கோயில் மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"கேள்வி என்ன? குடும்பத்தோட போலாமான்னு. செரிதானுங்க? அந்தக் குடும்பமே இல்லீன்னு வெச்சுக்குவோம். அப்பறம் கேள்விக்கு எங்க போறது?"

இத்தனை வருஷம் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கட்டுனவன் ஆத்தா முன்னால, பொண்டாட்டியத் தீத்து வுட்டுட்டேன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

"ஆத்தாளுக்கு அடுக்குமுங்களா இது?" என்றார் பண்டாரம்.

"பேச்சுக்குத்தானுங் பண்டாரம். பூ வுழுந்ததும் மறுபடி சேத்து வெச்சர்றது. நானே முன்ன நின்னு தாலி எடுத்துத் தாரேன்."

பண்டாரம் எழுந்துபோய் நாள் பார்த்தார். அவருக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய பேத்தி ஒருத்தி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பூசைக்கு ஊரே கூடியது. நாச்சிமுத்து போனில் அர்த்தநாரியைக் கூப்பிட்டு, கோயில் மைக்கின் வாயில் போனை வைத்தார். மைக்குக்குக் குழாய் ரேடியோ இரண்டு. ஒன்று கோபுரத்தில், ஒன்று நிழற்குடைக்கு எதிரே இருக்கும் புளியமரத்தில்.

"அர்த்தநாரி, கண்ணு, நேத்துச் சொன்னது நெனப்பிருக்குதா? பேச்சுக்குத்தான். சும்மா ரெண்டு வார்த்தை, பூ வுழுந்ததும் சேத்து வெச்சர்றம். உன்ற பொண்டாட்டி புள்ளைக்கும் அந்தத் தகரக் கொட்டாயிலிருந்து விடுதலை, ஊருக்கும் விடுதலை. சொல்லு."

ராய்ப்பூரில் ரிக் வண்டி ஓடுகிற சத்தம் எங்கள் ஊர் முழுக்கக் கேட்டது. பாறையை உடைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"ஆத்தா" என்றான் அர்த்தநாரி. "எனக்குப் பொண்டாட்டி இல்லீங்க. புள்ள இல்லீங்க. தீத்துட்டேன். எனக்குக் குடும்பம்னு யாரும் இல்லீங்க."

பூ விழுந்தது. இத்தனை காலம் நின்ற பூ, மற்ற எந்தப் பூவையும் போலச் சாதாரணமாக விழுந்தது. விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்த பண்டாரம் நிமிரவேயில்லை. ஆத்தாவின் வலது கைப்பக்கம். உத்தரவு. குடும்பத்தோடு போகலாம்.

பெண்கள் குலவை போட்டார்கள், தப்பட்டை அடித்தார்கள், சொத்தைப் பல்காரர்கள்கூட வாயைத் திறந்து சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் கோகிலவாணி கல்லைத் தாண்டி ஊருக்குள் ஓடி வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கோயில் படியில் வந்து நின்று, தலை கலைந்து, நாச்சிமுத்துவின் கையில் இருந்த போனையே பார்த்தாள். "சேத்து வெக்கறம்னு சொன்னீங்கல்லங்ணா" என்றாள். "வலது பக்கந்தானுங்க வுழுந்துருக்குது. போலாம்னு ஆத்தாளே சொல்லிட்டாங்கல்லங்க. நா அவருகிட்டப் போறனுங்க."

நாச்சிமுத்து பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மிணி, ஆத்தா முன்னால சொன்ன சொல்லு. அத மாத்துனா, வுழுந்த பூ மறுபடி எந்திரிச்சு நின்னுக்குச்சுன்னா நீயா பொறுப்பு? போலாம்னுதான் சொல்லியிருக்குது. அவங்கிட்டப் போகச் சொல்லுல. இனி அவன் யாரு, நீ யாரு?"

நாங்களும் அதுதான் சரி என்றோம். அவளுக்கும் அது சரி என்று பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவளும் எங்கள் ஊர்ச் சோறு தின்றவள். பிறகு கீழே கிடந்த கூடையிலிருந்து ஒரு செவ்வரளியை எடுத்து நீட்டினாள்.

"அப்படின்னா எங்க போறதுன்னு ஒரு பூ கேட்டுக்கறனுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவளுக்குப் பின்னால் வரிசை கோயில் மதிலைச் சுற்றிக் குளத்துமேடு வரைக்கும் நின்றது. போக உத்தரவானவள் இனி இந்த ஊர்க்காரி இல்லை, வெளியூர்க்காரிக்குப் பூ வைப்பது வழக்கமும் இல்லை. பண்டாரம் அவள் கையிலிருந்த பூவை வாங்கினார், தண்ணீரில் நனைத்தார், நாச்சிமுத்துவின் மகள் கல்யாணத்துக்காக ஆத்தாவின் உச்சந்தலையில் வைத்தார். அது வலது பக்கமே விழுந்தது. அந்தக் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்து, இப்போது இரண்டு பிள்ளைகள்.

வெறுங்கையோடு அனுப்பினோம் என்று சொல்ல வேண்டாம். தப்பட்டையோடு அழைத்துப்போனோம், புதுச் சேலை எடுத்துக் கொடுத்தோம், மூட்டைகளைப் பஸ் மேலே ஏற்றிக் கட்டினோம். மூட்டையைத் தூக்கியபோது சாக்கு இற்று ஒரு தம்ளர் உருண்டு விழுந்தது. அதையும் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். அன்றைக்கு என்ஜினை அணைத்த அதே டிரைவர் இன்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். கோகிலவாணியின் போன் அவள் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. அவன்தான். மறுபடி மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை, இல்லாத புருஷனின் போனை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலும்.

கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து நின்று, "எங்கீங்க போவோணும்?" என்று கேட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாரணிதான் திரும்பி, போர்டைப் பார்க்காமலே அந்த பஸ் நிற்கிற ஊர்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கண்டக்டரைப் பார்த்துக் கேட்டாள்:

"இதுல எங்க ஊடு எந்த ஸ்டாப்புங்க மாமா?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குள் கோயிலில் அடுத்த பூவை வைத்துவிட்டார்கள் என்று சத்தம் வந்தது. வரிசையில் இடம் போய்விடுமே என்று நாங்கள் திரும்பி ஓடினோம்.